ஃபிராங்க் ரைக்கைத் தோத்துப்போன கோச்னு ஒதுக்கிட முடியுமா?

#1 நாலாவது_டவுன்

போன வாரம் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர்களைப் பத்தின இழையில ஒரு நண்பர் ஃபிராங்க் ரைக் பேருக்குப் பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ரெண்டு வேலையிலயும் சீசன் நடுவுல அனுப்பி வைக்கப்பட்டவர்னு. உண்மைதான். 2022 நவம்பர் 7 தேசிய லீக் (NFL) அணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அனுப்பிச்சாங்க. 2023 நவம்பர் 27 கரோலினா பேந்தர்ஸ் அனுப்பிச்சாங்க, அதுவும் 1-10 கணக்குல, அதாவது ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. ஆனா அந்த ஒரு வரியோட ஒரு மனுஷனை முடிச்சுட்டாங்களேன்னு மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் தனி இழை.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். மேரிலாந்து பல்கலைக்கழகத்துல ரைக் குவாட்டர்பேக்கா (பந்து எறியறவரா) ஆடப் போனப்போ அவருக்கு முன்னாடி பூமர் எசையசன் இருந்தார். அவர் போற வரைக்கும் ரைக் ஓரத்துலதான். 1984-ல கடைசி வருஷம் ஒருவழியா இடம் கிடைச்சுது. கிடைச்ச சூட்டோட தோள்ல அடி. அந்த இடைவெளியில ஸ்டான் கெல்பா உள்ள வந்தார், நல்லாவும் ஆடினார். தோள் ஆறி வந்தப்போ ரைக்குக்கு மறுபடியும் பெஞ்ச்.

1984 நவம்பர் 10. மயாமி ஆரஞ்ச் பவுல் மைதானம். எதிரணி மயாமி, முந்தின வருஷத்து தேசிய சாம்பியன், கோச் ஜிம்மி ஜான்சன், குவாட்டர்பேக் பெர்னி கோசார். பாதி ஆட்டம் முடியுறப்போ மயாமி 31-0. மேரிலாந்து கோச் பாபி ராஸ் ரைக்கை இறக்கினார். அப்புறம் நடந்ததை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கல. ஒண்ணு ஒண்ணா ஏறி, கிரெக் ஹில்லுக்குப் போட்ட பந்து எதிரணித் தடுப்பாளர் கையில பட்டுத் தெறிச்சு ஹில் கையிலேயே விழுந்து 68 யார்டு டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கிற ஆறு புள்ளி) ஆச்சு. மேரிலாந்து முன்னால. கடைசியில மயாமி சமமாக்க ரெண்டு புள்ளி முயற்சி பண்ணி, கோட்டுக்கு முன்னாலேயே மடக்கப்பட்டு, மேரிலாந்து 42-40.

கல்லூரி ஆட்டத்துலயே அதுவரைக்கும் நடந்த மிகப்பெரிய மீட்சி அது. 2006 அக்டோபர்ல மிச்சிகன் ஸ்டேட் 35 புள்ளி பின்தங்கி ஜெயிக்கிற வரைக்கும் 22 வருஷம் நின்னுச்சு.

என் கட்சி இதுதான்: ரைக் வாழ்நாள் முழுக்க ரெண்டாவது ஆளா இருந்து கத்துக்கிட்டார், அதைத்தான் கோச்சா சொல்லிக் கொடுத்தார். அதை வெச்சு எடை போடாம வெறும் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் நீட்டினா நியாயமில்ல. மாத்துக் கருத்து இருக்கிறவங்க தாராளமா எழுதுங்க.

---

#2 புதுசா_வந்தவன்

அண்ணா, நான் இப்பதான் இந்த ஆட்டம் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். குவாட்டர்பேக் பந்து எறியறவர்னு தெரியும். ஆனா ரெண்டாவது குவாட்டர்பேக் என்னதான் செய்வார்? அவர் உள்ளேயே வரமாட்டாரே. மத்த இடத்துல எல்லாம் ஆள் மாத்திக்கிட்டே இருக்காங்க.

---

#3 நாலாவது_டவுன்

தம்பி, நீ கேட்டதுதான் இந்த இழையோட நடு மையம்.

பத்து யார்டு போக நாலு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் கோச் ஒரு திட்டத்தை ஹெட்செட் வழியா அனுப்புவார். குவாட்டர்பேக் அதை மத்த பத்துப் பேருக்கும் சொல்லி, எதிரணி நிக்கிற நிலையைப் பார்த்து வேணும்னா மாத்தி, பந்து கைக்கு வந்ததும் ரெண்டரை மூணு நொடிக்குள்ள எறியணும். அந்த வேலையில ஆள் மாத்திக்கிட்டே இருக்க முடியாது. அதனாலதான் முதல் ஆள் கீழ விழுந்தாத்தான் ரெண்டாவது ஆளுக்கு வேலை.

ஆனா வாரம் முழுக்க அவருக்கு வேற வேலை இருக்கு. பயிற்சியில முதல் அணியோட ஆடுற வாய்ப்பு பெரும்பாலும் முதல் ஆளுக்குத்தான் போகும். ரெண்டாவது ஆள் 'ஸ்கவுட் டீம்' நடத்துவார். அதாவது வர்ற ஞாயித்துக்கிழமை எதிரணி எப்படி ஆடுமோ அதே மாதிரி அவர் ஆடிக் காட்டுவார், நம்ம தடுப்பாளர்கள் பழகிக்கிறதுக்கு. அடுத்த வாரம் வேற எதிரணி, வேற ஆள் மாதிரி ஆடணும். ஒரு சீசன்ல எத்தனையோ குவாட்டர்பேக்குகளா வேஷம் போட்டுப் பார்த்திருப்பார். ஆட்டத்தன்னிக்கு ஓரத்துல நின்னு ஒவ்வொரு திட்டத்தையும் கேட்டு, உள்ள இருக்கிறவர் திரும்பி வந்ததும் "அந்தப் பக்கம் சேஃப்டி (பின்னால நிக்கிற தடுப்பாளர்) முன்னாடி ஏறி வர்றான்"னு சொல்லணும். தான் ஆடாத ஆட்டத்தை ஆடுறவனுக்கு நிகராப் படிக்கிற வேலை. கோச் வேலைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியல.

---

#4 ஏரிக்கரை

நான் ரொறன்ரோ. பஃபலோ எங்களுக்குக் கிட்ட, காரில ரெண்டு மணித்தியாலம். அதால பில்ஸ்தான் எங்கட ரீம். ரைக் எண்டால் எனக்கு 1993 ஜனவரி 3 தான்.

நான் 90-ல கனடா வந்தனான். அந்த நேரம் ஒரு இத்தாலியன்ர சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுற வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குசினிக்குள்ள அலுமாரிக்கு மேல ஒரு சின்ன ரேடியோ. பெரிய குக் பில்ஸ் பைத்தியம். அவற்ற வாயாலதான் நான் இந்த ஆட்டத்தையே பழகினனான். பிளேஆஃப் (தோத்தால் வெளியேறுற சுற்று) ஆட்டம், எதிரணி ஹியூஸ்டன் ஆயிலர்ஸ். பில்ஸின்ர முதல் ஆள் ஜிம் கெல்லிக்கு முந்தின கிழமை ஹியூஸ்டனோட ஆடேக்கதான் முழங்காலில அடி. அதால ரைக்.

பாதியில ஹியூஸ்டன் 28-3. திரும்பி வந்தவுடன ரைக் எறிஞ்ச பந்தை ஹியூஸ்டன்காரன் பிடிச்சு நேர ஓடிப் போயிட்டான். 35-3. குக் ஒண்டும் சொல்லேல்ல. கையைத் துடைச்சுப் போட்டு ரேடியோவை நிப்பாட்டினார். பிறகு முன்னுக்கு மேசை துடைக்கிற பெடியன் ஓடி வந்து "35-31" எண்டான். குக் அவனை அடிக்கப் போனவர், பகிடி விடுறான் எண்டு நினைச்சு. ரேடியோவைத் திருப்பிப் போட்டால் உண்மை! ஏழு நிமிசத்துக்குள்ள நாலு டச் டவுன். கடைசியில பில்ஸ் 41-38, ஓவர்டைமில.

அண்டைக்கு ரிக்கற் முழுக்க விக்காதபடியால பஃபலோ ஊர்ச் சனத்துக்கு ரீவியில காட்டேல்ல. ஆட்டம் முடிஞ்சுது எண்டு எழும்பிப் போன சனம் திரும்பி வந்து வேலி ஏறிக் குதிச்சது. இது கதையில்லை, நடந்தது. தேசிய லீக்கில அதுக்கு முதல் 32 புள்ளி பின்னுக்கு நிண்டு ஒருத்தரும் வெண்டதில்லை. காலேஜில ஒரு ரெக்கோட், இதில ஒரு ரெக்கோட், ரெண்டும் ஒரே ஆளுக்கு. ரெண்டு தரமும் அவர் ரெண்டாம் ஆள்.

அந்த அணியில மூண்டாவது குவாட்டர்பேக்கா இருந்த கேல் கில்பர்ட்தான் "காலேஜில செய்தனி, இங்கயும் செய்யலாம்" எண்டு ரைக்குக்கு ஞாபகப்படுத்தினவராம். மூண்டாம் ஆள் ரெண்டாம் ஆளுக்குச் சொன்னது. எனக்கு அதுதான் இந்தக் கதையில பிடிச்ச இடம்.

---

#5 கணக்கன்

ஏரிக்கரை ஐயா எழுதினது படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா இழையோட கேள்வி கோச் ரைக் பத்தினது. அதுல எனக்கு மாத்துக் கருத்து இருக்கு, மரியாதையோட சொல்றேன்.

முதல்ல, அந்த ஆட்டத்துல பில்ஸ் ஆட்டக்காரர் டான் பீபி பிடிச்ச ஒரு டச் டவுன் செல்லாது. ஓடுற வழியில கோட்டுக்கு வெளியே கால் வெச்சுட்டுத் திரும்பி வந்துதான் பிடிச்சார். நடுவர்கள் கவனிக்கல. இன்னிக்கு மாதிரி மறுபார்வை இருந்திருந்தா அந்தக் கதையே வேற. ரெண்டாவது, அதே மாசம் 31-ஆம் தேதி சூப்பர் பவுல்ல (லீக்கோட இறுதி ஆட்டம்) கெல்லிக்கு மறுபடி அடிபட்டு ரைக் உள்ள வந்தார். டல்லாஸ் கவ்பாய்ஸ் 52-17. அந்தப் பக்கம் கோச் யாரு? அதே ஜிம்மி ஜான்சன். எந்த ரசிகரும் அந்த ஆட்டத்தைச் சேர்த்துச் சொல்றதில்ல.

நல்ல ரெண்டாவது ஆளா இருந்தார்ங்கிறதை நான் மறுக்கல. தலைமைப் பயிற்சியாளருக்கு வேண்டிய குணம் வேறன்னுதான் சொல்றேன்.

---

#6 நாலாவது_டவுன்

பீபி விஷயம் சரிதான், ஒத்துக்கிறேன். 52-17-உம் சரிதான். ஆனா கெல்லி வர்றதுக்கு நடுவுல ஒரு ஆட்டம் இருக்கு. அடுத்த வாரம் பிட்ஸ்பர்க் ஊர்லயே போய் ரைக் 24-3 ஜெயிச்சார். மீட்சியும் இல்ல, பரபரப்பும் இல்ல, ஒழுங்கா ஆடி ஜெயிச்சார். அதை யாரும் பேசுறதில்ல. அதுக்கப்புறம் கெல்லி உடம்பு தேறி வந்தார், ரைக் எந்த முணுமுணுப்பும் இல்லாம ஓரத்துக்குப் போனார். மீட்சியை விட எனக்கு இது பெருசாத் தெரியுது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஆட்டத்தை விட்டதும் அவர் நேரா கோச்சிங்குக்கு வரல. இறையியல் பக்கம் போய், வட கரோலினாவுல சார்லட் நகரத்துல ஒரு இறையியல் கல்லூரிக்கே தலைவரா சில வருஷம் இருந்தார். 2006-ல கோல்ட்ஸ் பயிற்சி முகாமுக்கு வந்தப்போ அவருக்கு வயசு 44, பதவி பயிற்சி உதவியாளர். அந்த வயசுல மத்தவங்க தலைமைக் கோச்சா இருப்பாங்க. படிப்படியா ஏறி, பெய்டன் மேனிங் இருந்தப்போ குவாட்டர்பேக் கோச் ஆகி, அரிசோனா, சான் டியேகோன்னு சுத்தி, 2016-ல பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு வந்தார். கோல்ட்ஸ்ல தலைமைப் பொறுப்பு கிடைச்சப்போ வயசு 56.

---

#7 இண்டி_வாசி

நான் இண்டியானாபொலிஸ்ல பல வருஷமா இருக்கேன். ரைக் வந்த கதையை இந்த ஊர்க்காரியா நான் சொல்லணும்.

2018 பிப்ரவரியில கோல்ட்ஸ் வேற ஒருத்தரைத் தலைமைக் கோச்னு அறிவிச்சே விட்டாங்க, ஜாஷ் மெக்டேனியல்ஸ். அறிவிச்ச அன்னிக்கே ராத்திரி அவர் பின்வாங்கிட்டார். ஊரே அவமானப்பட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் ரைக். அதாவது இந்த வேலைக்கும் அவர் ரெண்டாவது ஆள்! அவரே அதைச் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டுத்தான் வந்தார்.

முதல் சீசன்ல ஹியூஸ்டன் டெக்ஸன்ஸோட ஒரு ஆட்டம், செப்டம்பர் 30. ஓவர்டைம்ல 34-34, நேரம் அரை நிமிஷத்துக்கும் குறைவு. எங்க பக்கத்து 43 யார்டு கோட்டுல நாலாவது முயற்சி, நாலு யார்டு வேணும். எல்லாரும் பன்ட் அடிச்சுட்டு (பந்தைத் தூர உதைச்சு எதிரணிக்குக் கொடுத்துட்டு) டிராவோட போவாங்க. ரைக் ஆடச் சொன்னார். பந்து கைக்கு வரல, ஹியூஸ்டன் ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு எடுக்கிற மூணு புள்ளி) அடிச்சு 37-34. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் தலையில கையை வெச்சுக்கிட்டார். அன்னிக்குப் பேட்டியில ரைக் மழுப்பல, திரும்ப அதே நிலைமை வந்தா அதையேதான் செய்வேன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேசினார். அணி 1-5 ஆச்சு. அப்புறம் பத்துல ஒன்பது ஜெயிச்சு 10-6. பிளேஆஃப்ல அதே ஹியூஸ்டனை அவங்க ஊர்லயே 21-7. அந்த அணியில இருந்தவங்க பலரும் அந்த நாலாவது முயற்சியில இருந்துதான் கோச் தங்களை நம்புறார்னு தெரிஞ்சுதுன்னு பின்னாடி பேசினாங்க.

2019 ஆகஸ்ட் 24 ராத்திரி நானும் மைதானத்துல இருந்தேன். சீசனுக்கு முந்தின ஆட்டம், சும்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தோம். மூணாவது நாலாவது குவார்ட்டர்ல கூட்டத்துல ஒவ்வொருத்தரா போனைக் குனிஞ்சு பார்க்க ஆரம்பிச்சாங்க. எங்க முதல் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் ஓய்வு பெறுறார்னு செய்தி. 29 வயசு. முந்தின வருஷம் 39 டச் டவுன் எறிஞ்சவர். அவர் சாதாரண உடுப்புல உள்ள நடந்து போறப்போ கூட்டத்துல ஒரு பகுதி 'பூ'ன்னு கத்துச்சு. நான் கத்தல. ஆனா கத்தினவங்களை நிறுத்தச் சொல்லவும் இல்ல, சும்மா நின்னேன். அது இன்னிக்கும் வலிக்குது. அந்த ராத்திரிக்கு அப்புறம் ரைக்குக்கு நிலையான குவாட்டர்பேக்கே கிடைக்கல.

---

#8 கணக்கன்

அக்கா சொன்னது மனசைத் தொட்டுச்சு. லக் போனது ரைக் தப்பில்ல, அதை எந்தக் கணக்குலயும் அவர் மேல போடமாட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் வந்த குவாட்டர்பேக்குகளைப் பாருங்க. 2019 பிரிசெட், 2020 ரிவர்ஸ், 2021 வென்ட்ஸ், 2022 மேட் ரயன். இதுல கார்சன் வென்ட்ஸை வாங்கணும்னு முன்னால நின்னது ரைக்தான், பிலடெல்பியாவுல பழகின பிள்ளைங்கிற நம்பிக்கையில. 2021 கடைசி ஆட்டம், ஜெயிச்சா பிளேஆஃப், எதிர்ல லீக்லயே கடைசி இடத்துல இருந்த ஜாக்சன்வில். 26-11 தோல்வி. ஒரே வருஷத்துல வென்ட்ஸ் வெளியே. தனக்குப் பழக்கமானவனை நம்பறதும் சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கிறதும் ஒண்ணு இல்ல.

கரோலினாவுல இன்னும் மோசம். 2023-ல புது ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கிற டிராஃப்ட்ல முதல் தேர்வா குவாட்டர்பேக் பிரைஸ் யங் வந்தார், இருபத்திரண்டு வயசுப் பையன். அவருக்குத் திட்டம் சொல்ற பொறுப்பை ரைக் நடு சீசன்ல உதவிக் கோச் தாமஸ் பிரவுன் கையில கொடுத்தார், மூணே ஆட்டம் கழிச்சுத் திரும்ப வாங்கிக்கிட்டார். ஒரு புதுப் பையனுக்கு ஹெட்செட்ல யார் குரல் வரும்னே மாறிக்கிட்டு இருந்தா அவன் எப்படி வளருவான்? ரெண்டாவது ஆளைத் தயார் பண்ணத் தெரிஞ்சவருக்கு முதல் ஆளைக் கட்டி எழுப்பத் தெரியல. இதுதான் என் முடிவு.

---

#9 நாலாவது_டவுன்

கரோலினா பத்தி உங்களோட சண்டை போட மாட்டேன். திட்டத்தைக் கொடுத்து வாங்கினது தப்பு. வேற யாராவது செஞ்சிருந்தா நானே கடுமையா எழுதியிருப்பேன். முதலாளி பொறுமை இல்லாதவர்னு சாக்குச் சொல்லலாம், ஆனா 1-10 முழுசும் அந்தச் சாக்குக்குள்ள அடங்காது.

கோல்ட்ஸ் விஷயத்துல மட்டும் ஒண்ணு. அஞ்சு சீசன், அஞ்சு குவாட்டர்பேக். அதுக்கு மேல 40 வெற்றி 33 தோல்வி ஒரு டிரா, ரெண்டு பிளேஆஃப். வருஷா வருஷம் புது ஆளுக்குப் புதுத் திட்டப் புத்தகம் எழுதிக்கிட்டே அந்தக் கணக்கு வர்றது சாதாரணம் இல்ல.

இப்போ பிலடெல்பியா. இதைச் சொல்லாம இழை முடியாது. 2017 டிசம்பர் 10 லாஸ் ஏஞ்சலஸ்ல வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்துச்சு. அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர்னு பேசப்பட்டவர். உள்ள வந்தது நிக் ஃபோல்ஸ், முந்தின வருஷமே ஆட்டத்தை விட்டுடலாமான்னு யோசிச்ச ஆள். தலைமைக் கோச் டக் பீடர்சன், அவரே மரினோ, ஃபாவ்ர் பின்னால நின்ன ரெண்டாவது குவாட்டர்பேக். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ரைக், கெல்லி பின்னால நின்னவர். அப்படி ரெண்டு பேர் இருந்த அறையில ஒரு ரெண்டாவது ஆள் வந்து சேர்ந்தார்.

முதல்ல ஆட்டம் கேவலமா இருந்துச்சு. சீசன் கடைசி ஆட்டத்துல டல்லாஸ் 6-0, ஈகிள்ஸ் ஒரு புள்ளி கூட எடுக்கல. அப்போ பீடர்சனும் ரைக்கும் வென்ட்ஸுக்கு எழுதின திட்டத்தை ஃபோல்ஸ் மேல திணிக்கல. ஃபோல்ஸ் 2013-ல 27 டச் டவுன், 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பந்து)னு ஆடின சீசனோட படங்களைத் திரும்ப எடுத்து உக்காந்து பார்த்தாங்க. இந்தப் பையனுக்கு எது பிடிக்கும், எதுல கை தயங்காதுன்னு பார்த்து அதைச் சுத்தித் திட்டம் போட்டாங்க. எறியலாமா, ஓட்டக்காரன் கையில கொடுக்கலாமான்னு தடுப்பாளர் ஒருத்தனைப் பார்த்து அங்கேயே முடிவு பண்ற ஆட்டங்களைக் கூட்டினாங்க. மினசோட்டாவை 38-7. அப்புறம் சூப்பர் பவுல்ல டாம் பிரேடியோட நியூ இங்கிலாந்தை 41-33. ஃபோல்ஸ் 373 யார்டு, எறிஞ்சது மூணு டச் டவுன், தானே பிடிச்சது ஒண்ணு.

ஒரு ஆள் அடிபட்டு விழுந்ததும் அடுத்தவனைப் பார்த்து "நீ அவன் மாதிரி ஆடு"ன்னு சொல்ற கோச்சுங்க ஏராளம். "நீ எப்படி ஆடுவே, அதைச் சொல்லு"ன்னு கேக்கிறதுக்கு அந்த இடத்துல நின்ன அனுபவம் வேணும்.

---

#10 ஏரிக்கரை

கணக்கன் தம்பி, உங்கட நியாயம் எனக்கு விளங்குது. ஆனா ஒண்டு சொல்லவேணும்.

பஃபலோ ரெக்கோட் எப்ப உடைஞ்சது எண்டு பாருங்கோ. 2022 டிசம்பர் 17. மினசோட்டா பாதியில 33-0 பின்னுக்கு நிண்டு 39-36 வெண்டது. ஆரோட? கோல்ட்ஸோட! ரைக்கை அனுப்பி ஆறு கிழமைகூட ஆகேல்ல. அவற்ற ரெக்கோடை, அவர் வளர்த்த பெடியள் தோத்து, உடைச்சுக் குடுத்தவை. நான் வீட்டில இருந்து பார்த்தனான். 33-0 இருக்கேக்க மனிசி வந்து "என்ன, முடிஞ்சுதே?" எண்டா. நான் ரேடியோவை நிப்பாட்டின குக்கை நினைச்சு, "இல்லை, இருந்து பார்ப்பம்" எண்டன்.

---

#11 இண்டி_வாசி

இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கே, யாரும் சொல்லல.

லக் 2024 கடைசியில ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஃபுட்பால் பொது மேலாளர் ஆனார், அவர் படிச்ச இடம். 2025 மார்ச்ல அங்க தலைமைக் கோச்சை நீக்க வேண்டி வந்துச்சு. சீசனுக்கு அஞ்சே மாசம், அந்த நேரத்துல நல்ல கோச் யாரும் சும்மா இருக்க மாட்டாங்க. லக் கூப்பிட்டது ரைக்கை. ஒரே ஒரு சீசன், இடைக்கால கோச், 63 வயசுல. ரைக் சரின்னார். யாரோட ஓய்வு அவருக்குக் கோல்ட்ஸ்ல அத்தனை கஷ்டத்தைக் கொடுத்துச்சோ, அவரே கூப்பிட்டதுக்குப் போய் நின்னார். அந்த 2019 ராத்திரியில அங்க நின்னவளா எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்னு சொல்லத் தெரியல.

கணக்கு பெருசா இல்ல, 4-8. மயாமியில போய் 42-7 வாங்கினாங்க, 41 வருஷம் கழிச்சு அதே ஊர், அதே எதிரணி. ஆனா ஃபுளோரிடா ஸ்டேட்டை 20-13 ஜெயிச்சாங்க. நவம்பர்ல பரம எதிரி கலிஃபோர்னியாவை 31-10. அடுத்த ஆளுக்கு வீட்டைக் கூட்டித் துடைச்சு வெச்சுட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போன மாதிரி போயிட்டார்.

---

#12 கணக்கன்

ஸ்டான்ஃபோர்டை நான் சேர்த்துப் பார்க்கல, அது என் விடுதல்தான். தலைமைக் கோச்சா அவர் சராசரிக்கு மேல ஒரு படிங்கிறதுதான் இன்னும் என் கருத்து. ஆனா அந்தப் பழைய இழையில ஒரே வரியில முடிச்சது நான்தான். அந்த வரியை மாத்தி எழுதிட்டேன், போய்ப் பாருங்க.

---

#13 புதுசா_வந்தவன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு ஒரு ஆட்டம் மட்டும் பார்க்க நேரம் இருக்கு, எதைப் பார்க்கட்டும்? மேரிலாந்தா, பஃபலோவா, சூப்பர் பவுலா?

---

#14 ஏரிக்கரை

தம்பி, முழு ஆட்டம் பிறகு ஆறுதலாப் பாருங்கோ. முதலில ரெண்டு உதை மட்டும் பாருங்கோ, ரெண்டும் சேர்ந்து ரெண்டு நிமிசம்தான்.

முதலாவது 1991 ஜனவரி 27, சூப்பர் பவுல். பில்ஸ் 19, நியூயோர்க் ஜயன்ட்ஸ் 20. கடைசி எட்டு நொடி, ஸ்கொட் நோர்வுட் 47 யார்டில இருந்து அடிச்சு வலப்பக்கம் வெளியால போன உதை. ரெண்டாவது 1993, ஹியூஸ்டனோட ஓவர்டைம், ஸ்டீவ் கிறிஸ்டி 32 யார்டில இருந்து அடிச்சது.

ரெண்டிலயும் அடிக்கிறவனைப் பாக்காதையுங்கோ. முழங்காலில குந்தி இருந்து, பின்னால வாற பந்தைப் பிடிச்சு, நிலத்தில நிறுத்தி ஒரு விரலால பிடிச்சுக்கொண்டு இருக்கிறவரைப் பாருங்கோ. ரெண்டும் ரைக்ன்ர கைதான்.

ரெண்டாவதில பந்து கம்பத்துக்குள்ளால போன பிறகு அவர் என்ன செய்யிறார் எண்டு பார்த்துப்போட்டு வந்து எழுதுங்கோ.